புட்டிக்குள் ஒரு பிள்ளை

சென்ற மாதம் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை வகிக்கப் போயிருந்தேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது தப்பாத கர்மம். சால்வை போர்த்தினார்கள், என் நாவலின் பெயரை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். பிறகு முக்கியப் பேச்சாளர் எழுந்தார். ஓய்வு பெற்ற உபாத்தியாயர், நல்ல மனிதர், கணீரென்ற சாரீரம். ‘ரஸவாதிகள் கண்ட விஞ்ஞானக் கனவுகள்’ என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

பொன் செய்கிற வித்தையைப் பற்றி அவர் பேசிய வரையில் நானும் ரசித்துக் கேட்டேன். பிறகு அவர் ஒரு போடு போட்டார். “இங்கிலாந்துக்காரன் 1978-ல் சோதனைக் குழாய்க் குழந்தையை உண்டாக்கிவிட்டு மார் தட்டுகிறான். அதற்கு 400 வருஷத்துக்கு முன்பே பாராசெல்ஸஸ் என்ற மகான் கண்ணாடிக் குடுவைக்குள் மனிதக் குழந்தை செய்ய வழி எழுதிவைத்துவிட்டார். அதற்கும் எத்தனையோ காலத்துக்கு முன்னால் நம் அகத்தியர் குடத்தில் பிறந்துவிட்டார்!” ஒரே கரகோஷம்.

முடிவுரையில் பதில் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தேன். மண்டபத்தை எட்டு மணிக்குக் காலி செய்ய வேண்டுமாம். காரியதரிசி ஓடிவந்து நன்றியுரையை ஆரம்பித்துவிட்டார். ஒலிபெருக்கிக்காரர் வரையில் நன்றி சொன்னார், எனக்கும் சொன்னார். சொல்ல வந்ததைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினேன். அன்று இறக்கிவைக்க முடியாத சுமையை இங்கே இறக்கிவைக்கிறேன்.

அந்தக் குடுவைக் குழந்தைக்கு ஹோமங்குலஸ் என்று பெயர். லத்தீன் பாஷையில் குட்டி மனிதன் என்று அர்த்தம். பாராசெல்ஸஸின் பெயரால் வழங்கும் ‘பொருள்களின் இயற்கை’ என்ற நூலில் அதைச் செய்யும் முறை இருக்கிறது. பாட்டி லேகியம் கிண்டச் சொல்லித் தருவதுபோல் வெகு சாதாரணமாகச் சொல்லியிருக்கிறது. ஆணின் வித்தைச் சுரைக்காய் வடிவமுள்ள கண்ணாடிக் குடுவையில் இட்டு, வாயை முத்திரை போட்டு அடைக்க வேண்டும். குதிரை லத்தியின் சூட்டில் 40 நாள் அழுக விட வேண்டும். (ரஸவாதிகளுக்கு லத்திக் குவியல் ஒரு நல்ல அடுப்பு. ஒரே சீரான இளஞ்சூடு. விறகுச் செலவும் இல்லை.) 40 நாளில் உள்ளே ஏதோ அசையும். மனித உருவம்போல் தெரியும். ஆனால் உடலில்லாமல், ஊடுருவிப் பார்க்கும்படி இருக்கும். அப்புறம் மனித ரத்தத்திலிருந்து வடித்த ஒரு ரகசியச் சாரத்தைத் தினமும் ஊட்டி, அதே சூட்டில் 40 வாரம் வைத்திருந்தால் சகல அவயவங்களும் உள்ள குழந்தை கிடைக்கும். பெண் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கும் அதற்கும் அளவு ஒன்றுதான் வித்தியாசம். இது மிகச் சிறியது.

40 வாரம் என்ற கணக்கைக் கவனித்தீர்களா? கருத்தரித்த எந்தப் பெண்ணையும் கேளுங்கள், சொல்லுவாள். அவளை வேண்டாம் என்று தள்ளியவர், அவளுடைய பஞ்சாங்கத்தை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டார்.

பாராசெல்ஸஸை ஏளனம் செய்வது என் நோக்கமல்ல. ஸ்விட்ஸர்லாந்திலே பிறந்து 1541-ல் ஸால்ஸ்பர்க் நகரில் இறந்த அந்த வைத்தியர் லேசான ஆள் இல்லை. 1527-ல் பாஸல் நகரில், வைத்தியர்கள் வேதம்போலப் போற்றிய அவிசென்னாவின் நூலைத் தூக்கி நெருப்பிலே போட்டவர். லத்தீனை விட்டு ஜெர்மன் பாஷையில் மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர். இந்த ஒன்றுக்காகவே தமிழன் அவரைக் கும்பிடலாம். சுரங்கத்தில் உழைக்கிறவர்களின் நெஞ்சைத் தின்னும் நோயைப் பற்றித் தனி நூல் எழுதினார். நான் சொன்ன குடுவை நூலோ, அவர் இறந்து 31 வருஷம் கழித்து, 1572-ல் அச்சாயிற்று. அது அவர் எழுத்துத்தானா என்பதிலே ஆராய்ச்சியாளர்களுக்குப் பலத்த சந்தேகம். அவருடையதுதான் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட இன்னொரு சிறு நூலில், ஹோமங்குலஸ் என்பது காமப் பாவத்திலிருந்து முளைக்கும் விகாரப் பிறவியாக வருகிறது. ஆகவே என் சண்டை அந்த மனிதரோடு அல்ல. அந்தச் செய்முறையோடும், அதை விஞ்ஞானத்தின் தொட்டில் என்று மேடையில் தாலாட்டுகிறவர்களோடும்தான்.

அதே நூலில் இன்னொரு செய்முறையும் இருக்கிறது. உபாத்தியாயர் அதைச் சொல்லவில்லை. படித்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்; படித்திருந்தால் அத்தனை பெண்கள் உட்கார்ந்திருந்த சபையில் கரகோஷம் வாங்கியிருக்க முடியாது. ஆணின் வித்துக்குப் பதிலாகப் பெண்ணின் மாதவிலக்கு உதிரத்தைக் குடுவையில் அடைத்து, அதேபோல லத்திச் சூட்டில் அழுக விட்டால் என்ன பிறக்கும்? பாஸிலிஸ்க் பிறக்கும். பார்த்த பார்வையிலேயே ஆளைக் கொல்லுகிற விஷ ஜந்து அது.

குடுவை ஒன்றுதான்; சூடும் ஒன்றுதான். பெண்ணின் கலப்பில்லாமல் ஆண் மட்டும் இருந்தால் ரகசியங்களெல்லாம் அறிந்த ஞானக் குழந்தை பிறக்கிறது. ஆணின் கலப்பில்லாமல் பெண் மட்டும் இருந்தால் கண்ணாலே கொல்லும் பிசாசு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகும், ‘ஆகா, என்ன விஞ்ஞானக் கனவு!’ என்று யாராவது சொன்னால் அவரோடு எனக்குப் பேச்சில்லை.

இது ஒரு ரஸவாதியின் மூளையில் திடீரென்று உதித்த கிறுக்கும் அல்ல. அரிஸ்டாட்டில் அடிப்படை போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தகப்பன் வடிவத்தைத் தருகிறான், தாய் வெறும் பொருளைத் தருகிறாள் என்பது அவர் கட்சி. தச்சனும் மரமும் அவர் காட்டிய உதாரணம். கட்டிலுக்குள்ளே தச்சனின் சதை கொஞ்சமும் போவதில்லை. ஆனால் கட்டில் தச்சன் செய்தது. இதை ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சமெல்லாம் சுலபம். மரம்தானே, இந்த மரம் இல்லாவிட்டால் வேறு மரம். அரபு தேசத்திலிருந்து லத்தீனுக்குப் போன ‘பசுவின் புத்தகம்’ என்ற மாந்திரீக நூல், பெண்ணுக்குப் பதில் ஒரு பசுவை வைத்துக் காரியத்தை முடிக்கப் பார்க்கிறது. பாராசெல்ஸஸ் பெயரில் எழுதியவர் குதிரை லத்தி போதும் என்று முடிவு கட்டிவிட்டார்.

நம் பக்கம் மட்டும் யோக்கியமா? மனு ஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். பெண் நிலம், ஆண் விதை. வயலுக்குச் சொந்தக்காரனா, விதைத்தவனா, பிள்ளை யாருக்கு என்று அங்கே வாதம் நடக்கிறது. வயலைக் கேட்பார் இல்லை.

புத்தகத்தை விடுங்கள். என் சித்தியைப் பற்றிச் சொல்லுகிறேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் அவளுக்குக் குழந்தையில்லை. அரச மரம் சுற்றினாள்; ராமேசுவரம் போய்வந்தாள்; யார் யாரோ சொன்ன பச்சிலைகளையெல்லாம் அரைத்துக் குடித்தாள். கடைசியில் என் தாயார் அவளை லேடி டாக்டரிடம் அழைத்துப் போனாள். அந்த அம்மாள் பரிசோதித்துவிட்டு, “இவளிடம் குறை ஒன்றும் தெரியவில்லை. அவரை ஒரு தடவை வரச் சொல்லுங்கள்” என்றார். அந்த வார்த்தை வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போனார். அவருடைய தாயார் திண்ணையில் இருந்தபடியே, ஒருவரையும் பார்க்காமல் சொன்னாள்: “எங்க வம்சத்து விதையிலே பழுது கிடையாது. நிலம் களரா வாச்சா விதை என்ன பண்ணும்?”

எனக்கு அப்போது ஒன்பது வயது. லீவுக்குப் போயிருந்தேன். சித்தி கூடத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் அது விழாமல் இருந்திருக்க முடியாது. முறம் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

சித்தப்பா டாக்டரிடம் போகவே இல்லை. அவர் காலமாகியும் வெகு நாளாயிற்று. சித்திக்கு இப்போது எழுபது. யார் வீட்டு வளைகாப்புக்குப் போனாலும் அடுப்பங்கரையில் வேலை இருப்பதுபோல் ஒதுங்கிக்கொள்கிறாள். அவளுடைய மாமியார் அரிஸ்டாட்டிலைப் படித்தவள் அல்ல. பாராசெல்ஸஸ் என்ற பெயரைச் சொன்னால் ஏதோ மாத்திரை என்று நினைத்திருப்பாள். ஆனால் அந்தக் குடுவையைச் செய்தவரும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்து மாணாக்கர்கள்தான்.

பூதக் கண்ணாடி வந்ததும் இந்தப் பிரமை ஒழிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒழியவில்லை. ஹாலந்து தேசத்து ஜவுளி வியாபாரி லேவன்ஹூக் 1677-ல் தம் கண்ணாடியின் வழியே விந்தில் நெளியும் உயிர்களைப் பார்த்தார். 1694-ல் ஹார்ட்ஸேகர் என்பவர் ஒரு படம் போட்டார். அந்த அணுவின் தலைக்குள்ளே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, பெரிய தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு குட்டி மனிதன் உட்கார்ந்திருக்கிறான். தாம் அவனைக் கண்ணால் கண்டதாக ஹார்ட்ஸேகர் சொல்லவில்லை; பார்க்க முடிந்தால் இப்படி இருக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் படத்துக்கு ஒரு சக்தி உண்டு. இன்று வரையில் அந்தப் படம் புத்தகத்துக்குப் புத்தகம் தாவிக்கொண்டிருக்கிறது. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தை முழுசாகப் பெண்ணின் முட்டைக்குள்தான் இருக்கிறது என்று சாதித்த எதிர்க்கட்சியும் அந்தக் காலத்தில் வலுவாகவே இருந்தது. ஆனால் அந்த முட்டையை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. பாலூட்டும் பிராணியின் முட்டையை முதலில் கண்டவர் பேயர், வருஷம் 1827. லேவன்ஹூக்குக்குப் பின் சரியாக 150 வருஷம்! அணு அளவில் பார்த்தால் முட்டைதான் பெரிது. அது உடம்புக்குள் மறைந்து கிடப்பது, தேடுவது கடினம் என்பது வாஸ்தவம். 1876-ல் ஹெர்ட்விக் கடல் முள்ளெலி என்ற பிராணியிடத்தில், ஆண் பங்கும் பெண் பங்கும் ஒன்றோடொன்று இணைவதைக் கண்டார். அன்றோடு தச்சன் மரம் கதை தீர்ந்தது. புத்தகங்களில் தீர்ந்தது என்று சொல்லுகிறேன். அதற்கு நூறு வருஷத்துக்குப் பிறகும் எங்கள் சித்தி வீட்டுத் திண்ணையில் அது தீரவில்லை.

இனி உபாத்தியாயரின் பிரதான வாதத்துக்கு வருகிறேன். 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் ஓல்ட்ஹம் என்ற ஊரில் பிறந்த அந்தப் பெண் குழந்தைக்கு லூயிஸ் பிரவுன் என்று பெயர். டாக்டர்கள் என்ன செய்தார்கள்? தாயின் உடலிலிருந்து முட்டையை எடுத்தார்கள். அந்த முட்டை இல்லாமல் ஆரம்பமே இல்லை. கண்ணாடித் தட்டில் தகப்பனின் வித்தோடு சேர்த்தார்கள். (சோதனைக் குழாய் என்பது பத்திரிகைக்காரர்கள் சூட்டிய பெயர்.) கண்ணாடியில் இருந்தது சில நாள். பாக்கி மாதங்கள் முழுக்கத் தாயின் வயிற்றில். குடுவைச் செய்முறைக்கும் இதற்கும் கண்ணாடி ஒன்றுதான் பொது. கண்ணாடி இருந்தால் போதும் என்றால் ஊறுகாய் ஜாடியும் விஞ்ஞானம்தான்.

அந்தக் காரியத்தைச் செய்தவர்கள் மூன்று பேர்: எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி. பர்டி என்பவள் நர்ஸாக வந்து சேர்ந்து, ஆய்வுக்கூட வேலையை முழுக்கச் சுமந்தவள். கரு பிளந்து பிளந்து வளர்வதைக் கண்ணாடி வழியே கவனித்துச் சொன்னவள் அவள்தான். பிற்பாடு நினைவுப் பலகை வைக்கப் போனபோது அவள் பெயரை விட்டுவிட்டார்கள். எட்வர்ட்ஸ் இது முறையல்ல என்று கடிதம் எழுதிப் பார்த்தார்; அப்போது பலனில்லை. பர்டி 1985-ல், முப்பத்தொன்பதாவது வயதில் இறந்துபோனாள். 2010-ல் எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கொடுத்தபோது மற்ற இருவருமே உயிரோடு இல்லை. பெண்ணை விட்டுவிட்டுக் குழந்தை பிறந்த கதையைச் சொல்லுகிற வழக்கம் ரஸவாதிகளோடு போய்விடவில்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

அகத்தியர் விஷயம். கும்பமுனி, குறுமுனி என்று இரண்டு பெயரும் அவருக்கு உண்டு. குடத்தில் பிறந்தவர், குள்ளமானவர், எல்லாம் அறிந்தவர். ஹோமங்குலஸின் ஜாதகம் அப்படியே பொருந்துகிறது! ஆனால் இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? ஊர்வசியைக் கண்டு தேவர்கள் இருவர் மயங்கியதால் விழுந்த வித்து குடத்தில் பிள்ளையாயிற்று. ஊர்வசியின் வேலை கண்ணில் படுவதோடு சரி. துரோணர் பிறந்ததும் இதே ரீதிதான். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய விஞ்ஞானக் காங்கிரஸில் ஒரு துணைவேந்தர், கௌரவர்கள் நூறு பேரும் சோதனைக் குழாய்க் குழந்தைகள் என்று பேசினாரே, அந்தக் கதையையாவது அவர் ஒழுங்காகப் படித்திருக்கலாம். காந்தாரி இரண்டு வருஷம் வயிற்றில் சுமந்தாள். பிண்டமாக வெளிவந்ததும் அவள் வயிற்றிலிருந்துதான். நெய்க்குடம் அதற்கு அப்புறம் வந்தது. வியாசருக்குத் தெரிந்திருந்தது துணைவேந்தருக்குத் தெரியவில்லை.

யூதர்களின் கோலம் என்ற மண் பொம்மையையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அது வேறு ஜாதி. அதை இங்கே இழுக்கவில்லை.

எனக்கு இதைவிடக் கசப்பான இன்னொரு ஆட்சேபம் உண்டு. இந்தக் குள்ளனை எதற்காகச் செய்ய நினைத்தார்கள்? கொஞ்சுவதற்கா? செய்முறை எழுதியவரே பதில் சொல்லுகிறார். கலையினாலே பிறந்தவனானதால் கலை அவனுக்குப் பிறவியிலேயே இருக்குமாம். ஒருவரிடமும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லையாம். மறைந்த ரகசியங்களெல்லாம் அவனுக்குத் தெரியுமாம். மழலை கிடையாது, விழுந்து எழுந்து நடக்கிற பருவம் கிடையாது, ‘ஏன்? ஏன்?’ என்று உயிரை வாங்குகிற வயசு கிடையாது. அவர்கள் கேட்டது பிள்ளையை அல்ல. சம்பளமில்லாத வேலைக்காரனை, மலையாள மாந்திரீகனுக்குக் குட்டிச்சாத்தான் மாதிரி.

1775-ல் ஆஸ்திரியப் பிரபு குஃப்ஸ்டைன் என்பவர் பத்துப் புட்டிகளில் பத்துக் குட்டி மனிதர்களை வைத்திருந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. ராஜா, ராணி, வீரன், சந்நியாசி, சந்நியாசினி, கட்டடக்காரர், சுரங்கக்காரர் என்று ஒரு கொலுவே உண்டு. வருங்காலத்தைக் கேட்டால் சொல்லுவார்களாம். சந்நியாசியின் புட்டி கீழே விழுந்து உடைந்து அவர் செத்துப்போனார். ராஜா ஒரு நாள் தம் புட்டியிலிருந்து தப்பி, ராணியின் புட்டி மூடியைப் பிறாண்டிக்கொண்டிருந்தார். இந்தக் கதையை 1887-ல் தம்முடைய பாராசெல்ஸஸ் சரித்திரத்தில் சேர்த்து ஊரெல்லாம் பரப்பியவர் ஃப்ரான்ஸ் ஹார்ட்மன் என்ற ஜெர்மன் டாக்டர். அவர் 1883 முதல் 1885 வரை நம் சென்னை அடையாற்றிலே, தியஸாபிகல் சொஸைட்டியில் தங்கியிருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. பிறகு ஸாமர்ஸெட் மாம் 1908-ல் எழுதிய ஒரு நாவலில் அதை எடுத்துக்கொண்டார். கதையில் ஒரு அக்ஷரத்தையும் நான் நம்பவில்லை. ஆனால் அந்த ராஜா மேல் மட்டும் எனக்கு இரக்கமுண்டு. பத்துப் புட்டிக்குள்ளும் மனுஷ காரியம் செய்தவர் அவர் ஒருவர்தான்.

இப்படியெல்லாம் அடுக்குகிறேனே, நான் மட்டும் சுத்தமா? என் நாவல் ஒன்று வெளியான சமயம் ஒரு பேட்டியில், “பத்து மாதம் சுமந்து பெற்றேன்” என்று சொல்லிவிட்டேன். பத்திரிகையில் அதையே தலைப்பாகப் போட்டார்கள். என் மனைவி படித்தாள். அப்போது எங்கள் இரண்டாவது குழந்தைக்கு ஐந்து மாதம். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை அவளுக்கு. “அப்படியா? யாருங்க பிரசவம் பார்த்தது?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்த உவமையை நான் எங்கும் உபயோகித்ததில்லை.

எழுத்தாளர்களிலே இந்தக் குடுவை விஷயத்தை உள்ளபடி புரிந்துகொண்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மேரி ஷெல்லி. அவள் பிறந்த பதினோராம் நாள், 1797-ல், அவள் தாய் பிரசவ ஜுரத்தில் இறந்தாள். மேரிக்கே முதற் குழந்தை குறைமாதத்தில் பிறந்து 1815-ல் இறந்தது. அதற்கு மறுவருஷம் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ எழுத ஆரம்பித்தாள். 1818-ல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளியாயிற்று. பெயரில்லாததால் ஆண் எழுதியது என்றே பலர் எண்ணினார்கள். அவளுடைய கதாநாயகன் இளம் வயதில் பாராசெல்ஸஸைப் படித்துக் கெட்டவன். பெண் இல்லாமலே ஓர் உயிரை உண்டாக்குகிறான். அது கண்ணைத் திறந்ததும் என்ன செய்கிறான்? அறையை விட்டு ஓடிப்போய்ப் படுத்துக்கொள்கிறான். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. செய்கிற ஆசைதான் அவனுக்கு இருந்தது. வளர்க்கிற உத்தேசம் ஒரு நிமிஷமும் இருந்ததில்லை. அந்த ராக்ஷசனைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கட்டிலில் முகத்தைத் திருப்பிப் படுத்திருப்பவன்தான் பயங்கரமாகத் தோன்றுகிறான்.

இன்னொருவர் கதே. ‘ஃபௌஸ்ட்’ நாடகத்தின் இரண்டாம் பாகத்தில், 1832-ல் வெளிவந்தது, வாக்னர் என்ற பண்டிதர் புட்டிக்குள் ஹோமங்குலஸைச் செய்துவிடுகிறார். பழைய முறையில் பிள்ளை பெறுவது மிருகங்களுக்குத்தான் சரி, மனிதனுக்கு உயர்ந்த பிறப்பு வேண்டும் என்பது அவர் கொள்கை. புட்டிக்குள்ளிருந்து அது பேசுகிற முதற் பேச்சிலேயே அவரை அப்பா என்று கூப்பிடுகிறது. என்னை அணைத்துக்கொள், ஆனால் இறுக்காதே, கண்ணாடி உடைந்துவிடும் என்கிறது. வேடிக்கையாக எழுதியிருக்கிறார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு உலகத்து அறிவெல்லாம் இருக்கிறது, உடம்பு இல்லை. பிறக்க வேண்டும் என்ற ஒரே தாகத்தோடு புட்டியும் தானுமாக கிரேக்க நாட்டுக்குப் பறக்கிறது. தேலீஸ் என்ற ஞானியைப் பிடித்து வழி கேட்கிறது. கடலில் இறங்கு, அடியிலிருந்து ஆரம்பி என்கிறார் அவர். கடைசியில் கடல் தேவதை கலாட்டியா சிப்பி ரதத்தில் வரும்போது அவள் காலடியில் மோதிப் புட்டியை உடைத்துக்கொண்டு தண்ணீரில் கலந்துவிடுகிறது. அதன் அப்பா வாக்னர் அங்கே இல்லை. ஆய்வுக்கூடத்தில் அடுத்த செய்முறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வாசகசாலைக்காரர்கள் அடுத்த ஆண்டு விழாவுக்கும் அழைத்துக் கடிதம் போட்டிருக்கிறார்கள். அதே உபாத்தியாயர்தான் பேசுகிறாராம். நன்றியுரையை முதலில் வைத்துக்கொண்டால் வருகிறேன் என்று பதில் எழுதியிருக்கிறேன்.